பழைய ரிசீவரின் குரல்வளம்

இன்றைய டிவி மெலிந்துவிட்டது. நல்ல ஸ்பீக்கருக்கு அதில் இடமில்லை. பரணிலிருக்கும் பழைய ஸ்டீரியோ ரிசீவருக்கோ, தனி ஸ்பீக்கர்களோடு இணைவதால், அந்தக் குறையே கிடையாது. இரண்டையும் சேர்த்துவைப்பது கைக்கு இதமான வேலை. டிவியிலிருந்து வரும் ஆப்டிகல் கேபிளின் நுனியில் பொட்டளவு சிவப்பு வெளிச்சம் தெரியும். ஒலி அதில்தான் வருகிறது. உள்ளங்கையில் அடங்கும் டி.ஏ.சி. பெட்டி, அந்த ஒளியை ரிசீவருக்குப் புரிகிற அனலாக் சிக்னலாக மாற்றிவிடும். டிவியில் ஒலி அமைப்பைப் பி.சி.எம். என்று வைக்க வேண்டும், அவ்வளவுதான். பெட்டியிலிருந்து ரிசீவருக்குப் போகும் கேபிளில் சிவப்பு பின் வலது, வெள்ளை பின் இடது. ரிசீவரின் 'ஆக்ஸ்' துளையில் லேசாகத் திருகி அழுத்தினால் சிக்கெனப் பிடித்துக்கொள்ளும். 'ஃபோனோ' துளை இசைத்தட்டுக்கானது, அதை விட்டுவிடலாம்.

பவர் பொத்தானை அழுத்தி சில நொடி பொறுத்தால், உள்ளே ரிலே 'டக்'கென்று விழும். அடுத்தது ஒலியளவைக் கூட்டும் அலுமினியக் குமிழ். கனமானது, குளிர்ந்தது, எண்ணெயில் மிதப்பதுபோல் வழுக்கிச் சுழல்வது. மெல்லத் திருப்பத் திருப்ப, திரையில் பேசுகிறவரின் குரலில் நெஞ்சின் கனம் சேர்கிறது. கச்சேரியில் மிருதங்கத்தின் தொப்பி தனியாக, உருண்டையாகக் கேட்கிறது. மழைக்காட்சியில் இடப்பக்கத் தூறலும் வலப்பக்கத் தூறலும் பிரிகின்றன. நேர்த்தியாகச் செய்யப்பட்ட பொருளுக்குச் சரியான ஓர் இணைப்பு போதும். நேற்று வந்த படத்துக்கும் அது குறைவில்லாமல் குரல் கொடுக்கும்.