வழிநடைப் பாட்டு

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தைச் சமயநூலென்று ஒதுக்குவாரும், கம்பனைப் பின்பற்றிய காப்பியமென்று மட்டும் போற்றுவாரும் உளர். அதன் உயிர் இடையிடையே வரும் தேவாரங்களில் உளதென்பது என் துணிபு.

மூலநூலை 1678இல் வெளியிட்ட ஜான் பனியன், சமயக் கொள்கைக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்தவர். அவருடைய பயணி, வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருப்பதை மறந்து ஐயக் கோட்டையில் வாடுகிறான். உரைநடையில் அமைந்த அக்கதையைச் செய்யுளாக்கிய பிள்ளையவர்களோ, வழியிடையே இசைப்பாடல்களைப் பெய்தார். வைணவக் குடியிற் பிறந்து 1858இல் கிறித்துவம் தழுவிய அவர், சைவர் போற்றும் பெயரையே அவற்றுக்கு இட்டதும் நினைக்கத்தக்கது.

அப்பாடல்களில் புகழ்ச்சி மட்டுமன்று, அழுகையும் முறையீடும் உண்டு. ஆயினும் முறையிடும் நாவே நன்றியும் கூறுகிறது. நகர்சேர்ந்தபின் பெறும் கூலியாக அன்றி, நடக்கும்போதே உண்ணும் கட்டுச்சோறாக மகிழ்ச்சி அங்கே வந்துவிடுகிறது. வருணனைகள் சிலவிடங்களில் நீண்டு சலிப்பூட்டுவதை நான் மறைக்கவில்லை. விடுப்பில் ஊர் செல்லும் நெடிய இரயில் பயணங்களில் இந்நூலை நான் முதலிலிருந்து படிப்பதில்லை. தேவாரங்களையே தேடிப் புரட்டுகிறேன்.