வாயில்கள் திறந்த உலகம்: அன்ட்ரே நோட்டனும் பலர் கூடிய புனைவும்

இலக்கியப் படைப்பு தனியொருவரின் ஆளுமை வெளிப்பாடு என்பது நவீன விமர்சனம் பெரிதும் ஏற்றுக்கொண்ட கருத்தாகும். ஒருவர் படைத்த உலகினுள் வேறு பலரும் புகுந்து கதை எழுதுவது இக்கருத்துக்கு முரணானதாகவே தோன்றும். அமெரிக்க அதீத கற்பனைப் புனைவில் 1980களிற் பெருகிய இம்முயற்சியைப் பதிப்பாளரின் வணிக உத்தி என ஒதுக்குவோர் உளர். வணிக நோக்கு இதில் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அன்ட்ரே நோட்டனின் (1912–2005) ஆக்கங்களை நோக்குமிடத்து, பிறர் புகுவதற்கு இடமளிப்பது ஒப்பந்தம் மட்டுமன்று, படைப்பின் அமைப்புமாகும் என்பது புலப்படும்.

கிளீவ்லாந்து நகரிற் பிறந்து, அந்நகர நூலகத்திற் சிறுவர் பகுதியிற் பல்லாண்டுகள் பணியாற்றிய நோட்டன், 1963 இல் 'விச் வேர்ல்ட்' நாவலை வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரிற் பணியாற்றிய சைமன் ட்றெகார்த், உயிருக்கு அஞ்சி ஓடுகையில், ஒரு கல்லாசனத்தின் வழியே வேற்றுலகை அடைகிறான். மந்திர ஆற்றல் வாய்ந்த பெண்கள் ஆளும் எஸ்ற்கார்ப் நாடு அவனுக்குப் புகலிடமாகிறது. அந்நாட்டை அச்சுறுத்தும் கோல்டர் என்போரும் இயந்திரங்களுடன் வேற்றுலகிலிருந்து வந்தவரே. அகதியும் ஆக்கிரமிப்பாளனும் ஒரேவகை வாயிலால் வந்து சேரும் உலகம் இது. எனவே அங்கு புதிய மாந்தரைக் கொணர விழையும் எழுத்தாளர் கதையின் தர்க்கத்தை மீறவேண்டியதில்லை.

இந்நாவல் வரிசையில் நிலைபெற்ற விதிகளை நோட்டன் தாமே ஐயுறவுக்கு உள்ளாக்குவதும் குறிப்பிடத்தக்கது. மணம் புரியும் பெண் தன் ஆற்றலை இழப்பாள் என்பது எஸ்ற்கார்ப்பின் நம்பிக்கை. சைமனை மணந்த ஜெலித்தின் ஆற்றலோ அழியவில்லை. ஆளுங்குழுவின் அதிகாரத்துக்கு ஆதாரமான நம்பிக்கை இவ்வாறு ஆட்டங்காண்கிறது. மறுபுறம், கார்ஸ்ரென் நாட்டுப் படையைத் தடுக்க அப்பெண்கள் மலைகளையே பெயர்க்கின்றனர். அம்முயற்சியிற் பலர் மாள்கின்றனர். மந்திரம் விலையின்றிக் கிட்டுவதில்லை. அவ்விலையைச் செலுத்திய சமுதாயம் பின்னர் எவ்வாறு வாழும் என்ற வினாவே, பிறருடன் இணைந்து அவர் 1991 முதல் 1994 வரை வெளியிட்ட மூன்று நூல்களுக்குக் களமாயிற்று.

இதனை றொபேட் அஸ்பிரின் 1979 இல் தொடக்கிய 'தீவ்ஸ் வேர்ல்ட்' தொகுதிகளுடன் ஒப்பிடலாம். போல் அன்டர்சன், ஜோன் பிறன்னர் முதலானோர் முதற் தொகுதியில் எழுதினர். அங்கு தொடக்கத்திலேயே நகரம் பொதுவுடைமை. ஒருவரின் பாத்திரத்தை மற்றவரும் கையாளலாம். தெருவோரத் திருடரின் வாழ்வைக் காட்டியமை முதற் தொகுதியின் சிறப்பாகும். ஆனால் 1989 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வளர்ந்தபோது, ஒவ்வொருவரும் தத்தம் பாத்திரத்தை வலுப்படுத்த, தெய்வங்களின் மோதலிடையே அத்திருடனின் பசி மறைந்துவிடுகிறது. விதிகள் எழுத்தாளரிடையே ஒழுங்கை ஏற்படுத்தலாம். பொதுநோக்கை அவை ஏற்படுத்திவிடா.

நோட்டன் பதிப்பித்த 'ரேல்ஸ் ஒஃப் த விச் வேர்ல்ட்' மூன்று தொகுதிகளும் (1987, 1988, 1990) குறையற்றவை அல்ல. ஒதுக்கப்பட்ட இளம்பெண் தன் ஆற்றலை உணரும் கதை மீண்டும் மீண்டும் வருகிறது. மூல ஆசிரியரின் பழமை தோய்ந்த நடையை அப்படியே பின்பற்றுவோரும் உளர். நடையைப் போலச்செய்வது எளிது. அவர் எழுப்பிய வினாவைத் தொடர்வதே அரிது. அவ்வினாவைத் தொடராத கதை, இடப்பெயர்களால் மட்டுமே அவ்வுலகுக்கு உரியதாகும்.

ஆகவே, இவ்வகைப் புனைவை மதிப்பிடுகையில் எத்தனைபேர் எழுதினர் என்பது அளவுகோலாகாது. புதிதாக எழுதப்பட்ட கதை, மூல ஆசிரியர் விடை காணாது விட்ட எதனை ஆராய்கிறது என்பதே கேட்கப்பட வேண்டியது. நோட்டன் தம் உலகின் புராதன இடிபாடுகளுக்கு முழு விளக்கம் தராமலே விட்டார். அந்த அடக்கமே பிறருக்கு அவர் அளித்த உரிமை. அதனை எவ்வாறு பயன்படுத்தினர் என்பதற்கு எழுதியவர்களே பொறுப்பாவர்.