கேட்கும் செவி

ஜோனதன் சிம்ஸ் எழுதி, தாமே முதன்மைப் பாத்திரத்திற்குக் குரல் கொடுத்த 'தி மாக்னஸ் ஆர்கைவ்ஸ்' என்னும் ஆங்கிலத் திகில் தொடர், 2016 முதல் 2021 வரை 200 பகுதிகளாகப் பாட்காஸ்ட் எனப்படும் வலையொலியில் வெளிவந்தது. இலண்டன் நிறுவனம் ஒன்றிற்கு மக்கள் தம் அச்ச அனுபவங்களை வாக்குமூலமாகத் தருகின்றனர். ஆவணக் காப்பாளர் அவற்றை நாடாவில் பதிகிறார். பெரும்பாலும் ஒற்றைக் குரலின் நிதானமான வாசிப்பே நம்மை நடுங்க வைக்கிறது. இதுவே தொடரின் சிறப்பு.

கதை வளர வளர, அந்நிறுவனம் பிறர் அச்சத்தை உண்டு வாழும் தீய ஆற்றலுக்கே ஊழியம் செய்கிறது என்பது புலனாகிறது. காப்பாளரும் வாக்குமூலங்களாலேயே உயிர் வாழத் தொடங்குகிறார். அவரிடம் நேரில் மனம் திறந்தோரின் கொடுங்கனவுகளில் அவர் வெறும் பார்வையாளராய் நிற்கிறார்.

ஒப்புரவு அருட்சாதனத்தின் தலைகீழ் வடிவமாகவே இதனை நாம் காண்கிறோம். அங்கும் ஒருவர் சொல்ல, ஒருவர் கேட்கிறார். ஆனால் சொன்னவர் மன்னிப்புப் பெற்றுச் சுமை இறங்கி எழுகிறார். கேட்டவரோ அதனை எவரிடமும் வெளியிடாது காக்கிறார்.

மனித அன்பைப் போற்றும் இத்தொடர், மன்னிக்கும் இறைவனை அறியவில்லை. ஆகவே, முடிவில் அச்சம் அழிவதில்லை; வேறு உலகங்களுக்குத் தள்ளிவிடப்படுகிறது. இது பெருங்குறையே. எனினும், கிறிஸ்தவரும் கேட்கத்தக்க வினாவை அது எழுப்புகிறது: துக்க வீட்டில் அயலார் துயரை நாம் ஆற்றுவதற்காகக் கேட்கிறோமா, சுவைப்பதற்காகவா?