மரியின் பள்ளிக்கூடம்

புதுவை நகரம் தமிழுக்குத் தந்த எழுத்தாளர்களுள் பிரபஞ்சன் (1945–2018) தனியே வைத்து எண்ணத்தக்கவர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைத் துணையாகக் கொண்டு அவர் படைத்த ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ ஆகிய நாவல்களை இலக்கிய உலகம் நன்கறியும்; பின்னதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி பரிசும் கிடைத்தது. ஆயினும், காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மாலையில் வழிபார்த்திருக்கும் குடும்பத்தார் முதலில் படிக்க வேண்டியது அந்நாவல்களை அன்று, அவருடைய சிறுகதை ஒன்றையே என்பேன். ‘மரி என்கிற ஆட்டுக்குட்டி’ என்பது அதன் பெயர்.

கதை சிறியது. அற்புத மரி என்றொரு மாணவி. பள்ளியின் ஒழுங்குக்கு அடங்காதவள் என்று பெயரெடுத்தவள். அவளுடைய உடையும் பேச்சும் ஆசிரியர்களின் கண்ணை உறுத்துகின்றன. டி.சி. என்று நாம் வழங்கும் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அவளை அனுப்பிவிடுவதே நல்லது என்பது தலைமையாசிரியரின் கருத்து. தமிழாசிரியர் அதற்கு இசையவில்லை. அவர் தம் மனைவியை உடன் அழைத்துக்கொண்டு மரியின் இல்லம் தேடிச் செல்கிறார். பெற்றோர் இருந்தும் இல்லாத தனிமையில் அப்பெண் வாழ்வதைக் காண்கிறார். அறிவுரை கூறவில்லை, அதட்டவில்லை. நட்பாகப் பழகுகின்றனர் கணவனும் மனைவியும். அவள் மனம் இளகுகிறது; படிக்க வேண்டும் என்ற விருப்பம் பிறக்கிறது.

இக்கதையின் சிறப்பு எங்கே இருக்கிறது? ஆசிரியர் தனியே போகாமல் மனைவியுடன் போவதில் இருக்கிறது என்றால் சிலர் நகைக்கக்கூடும். நம் குடும்பங்களில் பெண்பிள்ளை பெற்றவர்கள் நகைக்க மாட்டார்கள். பருவம் வந்த மாணவியின் வீட்டுக்கு ஆண் ஆசிரியர் ஒருவர் செல்லும்போது கடைப்பிடிக்க வேண்டிய நாகரிகத்தை, அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், கதைப்போக்கிலேயே காட்டிவிட்டார் பிரபஞ்சன். மேலும், மரிக்கு அன்று தேவைப்பட்டது ஆசிரியர் மட்டுமன்று, ஒரு வீடு. அந்த வீட்டை அவளிடம் அழைத்துச் சென்றவர் ஆசிரியரின் மனைவியே. இலக்கியத்தில் ஆசிரியரின் பெருமை பேசப்பட்ட அளவுக்கு ஆசிரியரின் இல்லத்தரசி பேசப்பட்டதில்லை. அக்குறையை இக்கதை ஓரளவு தீர்க்கிறது.

இவ்வளவும் பாராட்டு. இனிச் சொல்ல வேண்டியது குறை.

தலைப்பில் வரும் ஆட்டுக்குட்டி, கிறிஸ்தவ வேதத்தின் காணாமற்போன ஆட்டை நினைவூட்டுவது. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு வழிதவறிய ஒன்றைத் தேடிச் செல்லும் மேய்ப்பனின் உவமை அது. உள்ளத்தைத் தொடும் உவமைதான். ஆனால் பள்ளிக்கூடத்தைப் பற்றிய கதைக்கு அதைக் கொண்டுவரும்போது ஒரு கேள்வி எழுகிறது. அந்தத் தொண்ணூற்றொன்பதின் நிலை என்ன? மரிக்கு நேர்ந்த நன்மை முழுவதும் பள்ளிக்கு வெளியே நேர்கிறது: அவள் வீட்டில், ஆசிரியர் வீட்டில். பள்ளிக்கூடம் இருந்தபடியே இருக்கிறது. அடுத்த ஆண்டு வேறொரு மரி வந்தால், அதே தலைமையாசிரியர் அதே சான்றிதழை எடுத்து மேசைமேல் வைப்பார். அந்த ஆண்டு தமிழாசிரியர் மாற்றலாகிப் போயிருந்தால்?

தலைமையாசிரியரைக் கதை ஒரு தடையாக மட்டுமே நிறுத்துகிறது. அவர் பக்கம் நின்று பார்ப்பவர் இல்லை. தேர்ச்சி விழுக்காட்டுக்கு விடை சொல்ல வேண்டியவர் அவர். மேலிடத்துக் கடிதமும் அவர் பெயருக்கே வரும், பெற்றோரின் கோபமும் அவர் மேலேயே விழும். நூற்றுக்கு நூறு என்று பள்ளி வாயிலில் துணிப்பலகை கட்டுவதற்காக, ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் பின்தங்கிய பிள்ளையின் தகப்பனாரை அழைத்து, “வேறு பள்ளி பாருங்கள்” என்று நயமாகச் சொல்லும் வழக்கம் தமிழ்நாட்டில் நாம் அறியாததன்று. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றலாகாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் விதிக்கிறது. அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு அந்தக் காப்பு இல்லை. அந்தத் துணிப்பலகையைக் கண்டு மகிழ்ந்து பிள்ளையைச் சேர்ப்பவர்கள் யாவர்? நாம்தாம். தலைமையாசிரியர் கையிலுள்ள அந்தச் சான்றிதழில் நம் கையெழுத்தும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. கதை இந்த இடத்தைத் தொட்டிருந்தால் அதன் ஆழம் இரட்டித்திருக்கும்.

தமிழாசிரியரின் நிலையையும் பார்ப்போம். மரி ஒருத்தியின் துயரத்தை அவர் தம் தோளில் ஏற்றுக்கொண்டார். நாற்பது பேர் உள்ள வகுப்பில் அப்படி நான்கு பேர் இருந்தால்? சகஆசிரியர்களுள் துணைநின்றவர் எவர்? சோர்ந்து வீடு திரும்பும் ஆசிரியரிடம் “என்ன ஆயிற்று?” என்று பள்ளியில் எவரேனும் கேட்டனரா? நல்லாசிரியர் என்பவர் ஊற்று வற்றாத கிணறு என்று நம் எழுத்தாளர்கள் எண்ணிவிட்டார்கள். இறைத்துக்கொண்டே இருக்கலாம்; தூர் வார வேண்டிய தேவை இல்லை!

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்விலிருந்து ஒரு நிகழ்ச்சியை ஈண்டு நினைவுகூரலாம். பக்தாதின் நிஜாமிய்யாக் கல்விக்கூடத்தில் 1091 முதல் கற்பித்துவந்த அப்பேராசான், தம்மிடம் முந்நூறு மாணவர் பயின்றதாகத் தம் வரலாற்று நூலில் குறிப்பிடுகிறார். 1095இல் ஒருநாள் பாடம் சொல்ல வாய் திறந்தவருக்கு நா எழவில்லை. உணவு செல்லவில்லை, மருத்துவர்கள் கைவிரித்தனர். நோய் உள்ளத்தில் இருந்தது. அவர் பதவியைத் துறந்து புறப்பட்டார். அவ்விடத்தில் நின்று பாடத்தைத் தொடர்ந்து நடத்தியவர் அவருடைய தம்பி அஹ்மத். அவ்வளவு பெரிய ஆசானுக்கே நா எழாத நாள் ஒன்று வந்தது. நம் ஊர்ப் பள்ளி ஆசிரியைக்கு அப்படி ஒரு நாள் வந்தால், அவருடைய வகுப்பை ஏற்க ஓர் அஹ்மத் இருக்கிறாரா என்பதே நாம் கேட்க வேண்டியது.

அந்த இமாமே ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் ஆசிரியர்க்குரிய கடமைகளை வகுத்தபோது, மாணவரைத் தம் மக்களைப்போல் பரிவுடன் நடத்த வேண்டும் என்பதை முதலில் வைத்தார். இது பலரும் எடுத்துச் சொல்வது. எவரும் எடுத்துச் சொல்லாத மற்றொன்றும் அப்பட்டியலில் உண்டு: ஒரு துறையைக் கற்பிப்பவர் பிற துறைகளை மாணவர்முன் இழித்துப் பேசலாகாது. கணக்காசிரியர் தமிழ்ப் பாடத்தை எள்ளுவதும், இருவரும் சேர்ந்து உடற்பயிற்சி ஆசிரியரை ஓர் ஆளாக மதியாததும் ஆசிரியர் அறையில் அன்றாடம் நிகழ்பவை. அதைக் காணும் மாணவன் பாடத்தை மட்டுமா கற்றுக்கொள்கிறான்? கண்டிப்பைப் பற்றி இப்னு கல்தூன் 1377இல் எழுதிய ‘முகத்திமா’வும் இதனோடு சேர்த்துப் படிக்கத்தக்கது. கடுமையாக நடத்தப்படும் பிள்ளை ஊக்கம் இழக்கிறது, அடிக்கு அஞ்சிப் பொய் பேசப் பழகுகிறது, பின் அதுவே அதன் இயல்பாகிவிடுகிறது என்று அவர் விளக்கினார். கல்வியுரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்தது அதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பிறகு.

நம் தமிழ் மரபுக்கும் இது புதிதன்று. நன்னூலின் பொதுப்பாயிரத்தை நல்லாசிரியர் இலக்கணம் என்று மட்டுமே மேடைகளில் சொல்லிவருகிறோம். கல்வி எங்ஙனம் நிரம்புகிறது என்பதற்குப் பவணந்தியார் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். ஆசான் சொன்னதை எவ்வளவு கருத்தாகக் கேட்டாலும் கால்பங்குதான் தேறும். உடன்பயில்வாரோடு பழகுவதில் மற்றொரு கால்பங்கு. எஞ்சிய பாதி, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதில் வருகிறது. ஆசிரியர் தம் முழு ஆற்றலையும் செலவிட்டாலும் அவரால் ஆவது கால்பங்கு என்று எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே இலக்கண ஆசிரியர் ஒருவர் ஒப்புக்கொண்டார். மரியின் கதையில் வகுப்புத் தோழியர் பங்கு ஏதும் இல்லை. அந்தக் கால்பங்கு எங்கே போயிற்று?

பிரபஞ்சனின் ஊர் இதற்கு விடை காணாத ஊரன்று. 1908 முதல் 1918 வரை புதுவையில் தங்கிய பாரதியார், தாமே ஆசிரியராக இருந்தவர். 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் ஆகஸ்டு முதல் நவம்பர் வரை, மாதம் பதினேழரை ரூபாய்ச் சம்பளத்தில் தமிழ்ப் பண்டிதர் வேலை பார்த்தார். பிற்பாடு ‘தேசீயக் கல்வி’ என்ற கட்டுரையில் ஊருக்கு ஊர் பள்ளி அமைக்க அவர் தந்த திட்டம், கவிஞர் எழுதியது என்று நம்ப முடியாத அளவுக்குக் கணக்கு வழக்கோடு இருக்கிறது. ஊரார் பெருங்கூட்டமாகக் கூட வேண்டும். நிர்வாக சபை ஒன்று அமைய வேண்டும். தொடக்கத்தில் ஆசிரியர் மூவர் போதும். தலைக்கு மாதம் 30 ரூபாய்க்குக் குறையலாகாது. பதினேழரை ரூபாய் வாங்கியவர் முப்பது என்று எழுதும்போது அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். மெட்ரிகுலேஷன் தேறியவரே போதும், தவறியவர் கிடைத்தாலும் நன்றே என்கிறார். தேர்வில் தோற்றவனுக்குப் பள்ளியில் ஆசிரியர் நாற்காலியே தருகிறார் பாரதியார். நாம் மாணவர் பலகையையும் பறிக்கிறோம்.

அவருடைய அன்பர் பாரதிதாசன் 1909 முதல் 1946 வரை 37 ஆண்டுகள் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் பள்ளியாசிரியர். அவரிடம் பயின்ற வில்லியனூர் வாணிதாசனும் ஆசிரியரானார், கவிஞருமானார். ஓர் ஆசிரியரிடமிருந்து இன்னோர் ஆசிரியர் பிறந்த வரலாறு இது. வியப்பு என்னவென்றால், ‘குடும்ப விளக்கு’ பாடிய பாரதிதாசன் கல்வியின் ஒளியை வீட்டில்தான் ஏற்றினார். ‘இருண்ட வீடு’ பாடியபோதும் வீட்டையே பார்த்தார். முப்பத்தேழு ஆண்டுகள் அமர்ந்திருந்த ஆசிரியர் அறையை அவர் அவ்வளவு விரிவாகப் பாடக் காணோம். பிரபஞ்சனும் மரியை வீட்டிலேயே மீட்டார். புதுவையின் இரு பெரும் எழுத்தாளரும் பள்ளிக்கூடத்தின்மேல் நம்பிக்கை வைக்க ஏனோ தயங்கினார்கள்.

இன்று அந்நகரில் இது வெறும் இலக்கியக் கேள்வியாக இல்லை. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றிவந்த புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023–24 கல்வியாண்டில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்துக்கு மாறின. அம்மாற்றத்துக்குப் பின் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் 2025இல் முதன்முறையாக அவ்வாரியத் தேர்வை எழுதினர். பல்லாண்டு ஒரு நூலைக் கற்பித்துக் கைவந்த ஆசிரியர், இரவில் வேறொரு நூலைப் படித்துவிட்டுக் காலையில் வகுப்புக்குப் போகும் நிலை. மாணவரும் தடுமாற, ஆசிரியரும் தடுமாற, இருவரும் ஒருவரையொருவர் குறைகூறும் வேளையில் நடுவில் நிற்க வேண்டியவர் யாவர்?

பாரதியார் கேட்ட நிர்வாக சபை இன்று சட்டத்திலேயே இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்பது கல்வியுரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களுக்கு இச்சட்டம் பொருந்தாதென்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் தாமாக முன்வந்து அத்தகைய குழு அமைப்பதை எந்தத் தீர்ப்பும் தடுக்கவில்லை. முல்லா வீதியிலும் காஜியார் வீதியிலும் வாழும் நம் குடும்பங்களின் தாய்மார் எத்தனை பேர் அத்தகைய நாற்காலியில் அமர்ந்திருக்கின்றனர்? ஆசிரியரை நிக்காஹ் அழைப்பிதழ் எழுதும்போது மறவாமல் நினைக்கிறோம். பெற்றோர் கூட்ட அறிவிப்பு வந்தால் கடைக்கு ஆள் இல்லை என்கிறோம். பள்ளி வாயிலை நாம் மிதிப்பதெல்லாம் சேர்க்கைக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும். மூன்றாவதாக, மரியின் கதையில் வரும் அதே சான்றிதழுக்கும்.

புதுவையில் வேறொரு காட்சியும் நடந்ததுண்டு. உயர்நிலைக் கல்வியை முடிக்காத கரிசல் எழுத்தாளர் கி. ராஜநாராயணனைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்து அமர்த்தியது. அவரும் அவ்வூரையே தம் ஊராக்கிக்கொண்டு 2021இல் அங்கேயே மறைந்தார். ஒரு கல்வி நிறுவனம் தன் விதியைச் சற்றுத் தளர்த்தினால் என்ன கிடைக்கும் என்பதற்கு அது சான்று. அங்கே ஒரு தனிமனிதரின் இரக்கம் செயற்படவில்லை. நிறுவனமே கதவைத் திறந்தது.

பிரபஞ்சனின் கதை தமிழில் பள்ளியைப் பற்றி எழுதப்பட்ட நல்ல கதைகளுள் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. வீட்டிலுள்ள பெண்மக்களுக்கு அதைப் படித்துக்காட்டுங்கள். ஆசிரியப் பணியிலிருக்கும் மருமக்களுக்கும் வாங்கிக் கொடுங்கள். நான் தேடுவது அதை அடுத்து வர வேண்டிய கதையை. அதில் தலைமையாசிரியர் ஒரு மாலை கதவைச் சாத்திவிட்டு ஆசிரியர்களையெல்லாம் உட்காரவைத்து, “இந்தப் பெண்ணை நாம் என்ன செய்யலாம்?” என்று கேட்பார். கணக்காசிரியர் முதலில் முகம் சுளிப்பார். உடற்பயிற்சி ஆசிரியர்தான் மரியின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று அறிந்திருப்பார். மூலையில் ஒரு தாய், குழு உறுப்பினர் என்ற உரிமையில், பேசலாமா என்று தயங்கிக்கொண்டு இருப்பார். அந்தக் கதையை நான் படித்தவரையில் இன்னும் காணவில்லை.