கண்ணுக்குள் ஒரு நுண்ணூசி

விழித்திரைக்கு அடியில் உள்ள கட்டி மெலனோமா என்னும் புற்றுநோய்தானா என்ற ஐயம் எழுந்தால், கண்ணைக் கீறித் திறக்காமலே செல்களை எடுத்துப் பார்க்க உதவுவது நுண்ணூசி பயாப்ஸி. 25 கேஜ் ஊசியின் தடிமன் அரை மில்லிமீட்டர்தான். கருவிழி விளிம்புக்குப் பின்னால் 3.5 முதல் 4 மி.மீ. தள்ளி, விழித்திரை இன்னும் தொடங்காத இடத்தில் அது நுழைகிறது.

நுண்ணோக்கியில் பார்த்தபடி ஊசிமுனையைக் கட்டிக்குள் நிறுத்துவது மருத்துவர். சிரிஞ்சை இழுப்பது உதவியாளர். ஊசிக்கும் சிரிஞ்சுக்கும் நடுவே மெல்லிய குழாய். அதனால் பிஸ்டன் அசைந்தாலும் முனை அசையாது. இந்த வேலைப் பங்கீடுதான் இதன் அழகு. ஊசியை வெளியே எடுக்குமுன் உறிஞ்சலை நிறுத்திவிட வேண்டும்.

கிடைப்பது ஒரு துளிகூட இராது. ஆனாலும் செல்லின் வகை தெரியும். 3ஆம் குரோமோசோம்களில் ஒன்று இழக்கப்பட்டதா என்பதும் தெரியும். இழந்திருந்தால் கல்லீரலுக்குப் பரவும் அபாயம் கூடுதல். குழந்தைகளின் விழித்திரைப் புற்றான ரெட்டினோபிளாஸ்டோமாவில் பொதுவாக இந்த ஊசிக்கு இடமில்லை: துளை வழியே புற்றுச்செல்கள் வெளியேறக்கூடும்.