உச்சிப்பொழுதில் தனித்து நின்றவர்

கௌபாய் படம் என்றதும் குதிரைக் குளம்படியில் எழும் புழுதியும், கண்ணிமைக்கும் நேரத்தில் உறையிலிருந்து வெளிப்படும் கைத்துப்பாக்கியும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஜெய்சங்கரைக் கொண்டு இயக்குநர் கர்ணன் ‘கங்கா’ முதலிய படங்களில் தமிழ் ரசிகர்களுக்குக் காட்டியதும் பெரும்பாலும் அந்த வேகத்தைத்தான். ஆயினும் இவ்வகைப் படங்களுள் தலையாயது என்று நான் தயக்கமின்றிச் சொல்லக்கூடிய ‘ஹை நூன்’ (1952), துப்பாக்கிச் சண்டையைக் கடைசிச் சில நிமிஷங்களுக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற நேரம் முழுவதையும் ஒரு மனிதனின் முகத்தை நம்பியே நடத்திச் செல்கிறது.

பிரெட் ஜின்னமான் இயக்கிய இப்படத்தின் கதை எளியது. ஹேட்லிவில் என்னும் சிற்றூரின் காவலதிகாரி வில் கேன், பதவியைத் துறந்து, மணந்த கையோடு புதுவாழ்வு தொடங்கப் புறப்படும் வேளையில், தம்மால் சிறைக்கு அனுப்பப்பட்ட பிராங்க் மில்லர் விடுதலை பெற்று நண்பகல் ரயிலில் வருகிறான் என்றும், அவன் கூட்டாளிகள் மூவர் ரயில் நிலையத்தில் காத்திருக்கின்றனர் என்றும் செய்தி வருகிறது. ஊரார் வற்புறுத்தலால் வண்டியேறிச் சென்றவர் வழியிலேயே திரும்பிவிடுகிறார். அதன் பின் நீதிபதி தேசக்கொடியையும் தராசையும் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டே வெளியேறுகிறார். நண்பர் ஒருவர் உள்ளே ஒளிந்துகொண்டு, வீட்டில் இல்லையென்று சொல்லும்படி மனைவியை வாசலுக்கு அனுப்புகிறார். தேவாலயத்தில் கூடிய பெருமக்களோ, தர்மாதர்மங்களை விஸ்தாரமாக விவாதித்துவிட்டு, காக்க வந்தவரையே போய்விடும்படி கேட்டுக்கொள்கின்றனர்.

கேனாக நடித்த கேரி கூப்பருக்கு அப்போது வயது ஐம்பது. வயிற்றுப்புண்ணும் முதுகுவலியும் அவரை வாட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வேதனையை மறைக்க முயலாமல் பாத்திரத்துக்கே அதைச் சமர்ப்பித்துவிட்டார் என்றுதான் சொல்லவேண்டும். ஒளிந்துகொண்ட நண்பரின் வாசற்படியில் அவர் நிற்கும் காட்சியைக் கவனியுங்கள். பொய் சொல்ல நேர்ந்த பெண்மணியின் கண்ணில் தெரியும் கூச்சத்திலேயே உண்மையை அறிந்துகொண்டவர், இரண்டொரு கேள்விக்குப் பின், கடிந்து ஒரு வார்த்தையும் சொல்லாமல் திரும்பி நடக்கிறார். நம் காஞ்சி வட்டாரத்துக் கட்டைக்கூத்தில், திரைக்குப் பின்னிருந்தே தன் பெயரும் பெருமையும் பாடிக்கொண்டு பிரவேசிக்கும் வேஷக்காரனின் கம்பீரம் ஒரு மகத்தான கலை. கூப்பர் மேற்கொண்டதோ அதற்கு நேர் எதிரான மார்க்கம். தம் பெருமையை ஓரிடத்திலும் அவர் சொல்வதில்லை. கூலிக்கேனும் நட்புக்கேனும் துணைக்கு எவரும் வராத நிலையில், பதினாலு வயதுப் பையன் ஒருவன் தானே முன்வந்து கேட்கும்போது, அவனைத் திருப்பியனுப்பும் குரலில் மட்டும் சிறிது கனிவு தோன்றுகிறது. அவர் அஞ்சுகிறார் என்பதை நாம் பிரத்தியட்சமாகக் காண்கிறோம். அஞ்சுகிறவர் அகலாமல் நிற்பதனாலேயே அவருடைய தைரியத்தை நம்புகிறோம்.

படத்தின் அளவு சுமார் 85 நிமிஷம். கதை நிகழும் காலமும் ஏறக்குறைய அவ்வளவே. பெரிய காஞ்சிபுரத்துக் குழித்தறியில் கோர்வைப் புடவை நெய்கையில், உடல் இழையும் கரை இழையும் வெவ்வேறு நிறமாயிருந்தும் வரிக்கு வரி ஒன்றையொன்று பற்றிக்கொள்வதுபோல, கடிகாரமும் கூப்பரின் முகமும் இப்படத்தில் இணைந்து செல்கின்றன. பன்னிரண்டு மணி நெருங்கும்போது அவர் மேஜையில் அமர்ந்து உயில் எழுதுகிறார், பெண்டுலம் ஆடுகிறது, நாம் முன்பு கண்ட ஒவ்வொரு முகமும் திமித்ரி தியோம்கினின் தாளத்துக்கு இசைந்து வந்து போகிறது, ரயில் கூவுகிறது. பிறகு வெறிச்சோடிய தெருவில் நிற்கும் அவரைவிட்டுக் காமிரா மேலே மேலே எழ, நாயகர் ஒரு சிறு புள்ளியாகிவிடுகிறார். சிறந்த நடிகர், படத்தொகுப்பு, பின்னணி இசை, பாடல் என நான்கு ஆஸ்கர் விருதுகள் இப்படத்துக்குக் கிடைத்தது நியாயமே.

துணைப் பாத்திரங்களில் முதன்மை ஸ்தானத்தை, ஹெலன் ராமிரெஸாக வந்த மெக்சிக நடிகை கேட்டி ஹுராடோவுக்கே அளிப்பேன். அவர் நாற்காலியில் அமர்ந்திருக்கும் தோரணையிலேயே அந்த ஊரை முற்றும் அளந்துவிட்ட ஒரு பெண்ணின் அறிவு தெரிகிறது. புதுமணப்பெண்ணாக நடித்த கிரேஸ் கெல்லி அனுபவத்தில் இளையவர்; நடிப்பில் சற்று விறைப்பு உண்டு. எனினும் கொலையை வெறுக்கும் குவேக்கர் சமயத்தவளான அப்பெண், கணவன் உயிரைக் காக்கத் துப்பாக்கியை எடுத்துவிட்டுக் கலங்கும் கணத்தில், அந்த விறைப்பே உடைந்து பயன் தருகிறது.

கூப்பரின் நடிப்போடு ஒப்பிட நம் ஊர்க் கதையிலேயே ஒன்று உண்டு. பிரியதர்ஷன் இயக்கிய ‘காஞ்சிவரம்’ படத்தில் நெசவாளி வேங்கடமாக வந்த பிரகாஷ்ராஜின் நடிப்பைத்தான் சொல்கிறேன். 55-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த படம், சிறந்த நடிகர் என்னும் இரண்டையும் அப்படம் பெற்றது. மகளைப் பட்டுடுத்தி மணமுடித்து அனுப்புவதாக வாக்களித்த தகப்பன், தான் நெய்யும் இடத்திலிருந்தே பட்டிழைகளை வாயில் அடக்கிக்கொண்டு வெளியேறும் காட்சிகளில், உதட்டைத் திறக்க வழியின்றி, தாடையின் இறுக்கத்திலும் கண்ணின் அச்சத்திலுமே முழு மனத்தையும் நடிகர் வெளியிடவேண்டியிருக்கிறது. கேன் ஊருக்குரிய கடமைக்காக மனைவியின் மன்றாட்டை மறுக்கிறார்; வேங்கடமோ மகளுக்குத் தந்த வாக்குக்காகத் தன்னை நம்பிய தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தையே முறித்துவிடுகிறான். ஒருவர் நட்சத்திரச் சின்னத்தைப் புழுதியில் எறிந்துவிட்டு ஊரைவிட்டுப் போகிறார். மற்றவன், முற்றுப்பெறாத புடவையால் இறந்த மகளின் முகத்தையும் பாதத்தையும் ஒருசேர மூடமுடியாமல் தவிக்கிறான். வெற்றியாயினும் வீழ்ச்சியாயினும், கண்ணீரைப் பார்வையாளரிடம் யாசிக்காத கண்ணியம் இருவர் நடிப்புக்கும் பொது.

ஆகவே, கூப்பரின் கேனை கௌபாய் படங்களில் நான் கண்ட மிகச் சிறந்த நடிப்பென்றும், அதற்கருகில் கூசாமல் வைக்கத் தகுந்தது பிரகாஷ்ராஜின் வேங்கடம் என்றும் தீர்ப்பளிக்கிறேன். உரத்த வசனமும் அதிவேகச் சண்டையுமே நடிப்பின் உச்சம் என்று எண்ணும் இளைஞர்கள், இவ்விரு படங்களையும் அடுத்தடுத்த நாட்களில் அவசியம் பார்க்கவேண்டும்.