மெக்காலேயின் கல்விக் குறிப்பும் மொழிபெயர்ப்பாளரும்

1. முன்னுரை

தாமஸ் பாபிங்டன் மெக்காலே (1800–1859) தமிழ் வாசகர்க்குப் பெரும்பாலும் ஓர் அடைமொழியாகவே அறிமுகமாகியிருக்கிறார். ‘மெக்காலே கல்வி’, ‘மெக்காலேயின் வாரிசுகள்’ என்னும் தொடர்கள் மேடையிலும் ஏட்டிலும் வசையாக வழங்குகின்றன. 2025 நவம்பரில் இந்தியப் பிரதமர் ஆற்றிய உரையொன்றும், மெக்காலே விதைத்த அடிமை மனப்பான்மையை 2035க்குள் களைய வேண்டும் என அறைகூவியது. வசைக்குரியவரா அல்லரா என்பதை அரசியலார் ஆராயட்டும். அவர் எழுதிய குறிப்பை நாம் எவ்வாறு படித்தோம், எவ்வாறு மொழிபெயர்த்தோம், எதனை விட்டுவிட்டோம் என்பது மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் விடை கூற வேண்டிய வினாவாகும். அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. வாழ்வும் எழுத்தும்

அடிமை வாணிபத்தை எதிர்த்துப் போராடிய சக்காரி மெக்காலேயின் மகனாகப் பிறந்த தாமஸ், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் பயின்றார். 1825இல் ‘எடின்பரோ ரிவியூ’ இதழில் மில்டனைப் பற்றி எழுதிய கட்டுரை அவருக்குப் புகழ் தந்தது. 1830இல் நாடாளுமன்றம் புகுந்தார். 1834 ஜூனில் தலைமை ஆளுநர் அவையின் சட்ட உறுப்பினராகச் சென்னையில் வந்திறங்கினார். ஆண்டு ஊதியம் 10,000 பவுன். 1838இல் நாடு திரும்பினார். இங்கிலாந்து வரலாற்றின் முதலிரு தொகுதிகள் 1848இலும், அடுத்த இரண்டு 1855இலும் வெளிவந்தன. அவர் தலைமையில் 1837இல் வரைவு பெற்ற இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் நிறைவேறி, 2024 ஜூன் முடிய நடப்பிலிருந்தது.

வரலாற்றாசிரியர் என்ற முறையில் அவர் மீது சொல்லப்படும் குறை, நிகழ்கால இங்கிலாந்தை நோக்கியே கடந்தகாலம் முழுதும் நடைபோட்டது போல எழுதினார் என்பதாகும். இம்முறையை ஹெர்பர்ட் பட்டர்பீல்டு 1931இல் விரிவாகக் கண்டித்தார். முரண்தொடையும் மிகையும் மெக்காலே நடையின் உயிர். ஒரு பொருளை ஒளியில் நிறுத்த மற்றொன்றை இருளில் தள்ளுவது அவர் வழக்கம். கட்டுரையாளரிடம் இது சுவை; அரசாணைக்கு அடிப்படையாகும் குறிப்பில் இதுவே தீங்காயிற்று. ஐரோப்பிய நூலகத்தின் ஓர் அடுக்கு, இந்தியா, அரேபியா ஆகியவற்றின் இலக்கியம் முழுமைக்கும் ஈடாகும் என்ற கூற்று அந்நடையின் விளைவே. தமக்குச் சமஸ்கிருதமோ அரபியோ தெரியாது என அவரே அக்குறிப்பில் ஒப்புக்கொள்கிறார். மொழிபெயர்ப்புகளைப் படித்தும் அறிந்தாரைக் கேட்டும் தீர்ப்பு வழங்கினார். ஒரு மொழியின் இலக்கியத்தை மொழிபெயர்ப்பைக் கொண்டு அளந்தவர் அம்மொழிபெயர்ப்பின் தரத்தை ஐயுறவே இல்லை என்பதை நம் துறையினர் கருதுதல் வேண்டும்.

3. திருவனந்தபுரத்தின் இரு மெக்காலேக்கள்

திருவிதாங்கூர் வரலாற்றில் இப்பெயர் முன்னரே இடம்பெற்றுள்ளது. வேலுத்தம்பி தளவாயின் பகைக்கு இலக்காகி, 1808 டிசம்பரில் கொச்சியில் தாக்குதலிலிருந்து தப்பிய ரெசிடெண்ட் காலின் மெக்காலே, தாமசின் தந்தையுடன் பிறந்தவர். மலையாளத்தில் நற்செய்தி நூல்கள் பெயர்க்கப்பட்டு 1811இல் பம்பாயில் அச்சேறுவதற்குத் துணைநின்றவரும் அவரே. அவர் தம் மரண சாசனத்தில் மருமகனுக்கு 10,000 பவுன் விட்டுச் சென்றார். இருவரையும் ஒருவராக மயங்குதல் கூடாது.

மெக்காலே குறிப்பால்தான் ஆங்கிலக் கல்வி எங்கும் வந்தது என்னும் கருத்துக்கும் இந்நகரம் தடையாக நிற்கிறது. திருவனந்தபுரத்து ஆங்கிலப் பள்ளி 1834இல், அதாவது குறிப்புக்கு முந்திய ஆண்டிலேயே, நாகர்கோவிலிலிருந்து வந்த ஜான் ராபர்ட்சைக் கொண்டு தொடங்கப்பெற்றது. அதற்கு ஆதரவு அளித்தவர் சுவாதித் திருநாள் மகாராஜா. கும்பினியின் கல்வி ஆணை சமஸ்தானத்தைக் கட்டுப்படுத்துவதும் அன்று. மேலும், கல்விச் செலவை அரசே ஏற்கும் என்னும் ராணி கௌரி பார்வதி பாயின் அறிவிப்பு 1817ஐச் சார்ந்தது.

4. குறிப்பின் மூலபாடம்

1813இன் பட்டயச் சட்டம் கல்விக்கென ஆண்டுதோறும் ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஒதுக்கியது. அச்சட்டத்தில் வரும் ‘இலக்கியம்’ என்னும் சொல் சமஸ்கிருத, அரபி நூல்களை மட்டும் குறிக்குமா என்பதே வழக்கு. ஆகவே 1835 பிப்ரவரி 2ஆம் நாளிட்ட குறிப்பு அடிப்படையில் ஒரு சொற்பொருள் விவாதம். பெண்டிங்க் பிரபு மார்ச் 7இல் அதனையொட்டி ஆணை பிறப்பித்தார். இதில் மூன்று இடங்கள் கருதத்தக்கவை.

முதலாவது, தாய்மொழிகள் வறுமையுற்றவை, அவற்றில் மதிப்புடைய நூல் எதனையும் பெயர்ப்பது எளிதன்று என்னுமிடத்தில், ‘இந்தியாவின் இப்பகுதியில்’ பேசப்படுவன என மெக்காலே வரையறை செய்கிறார். கல்கத்தாவில் இருந்து எழுதியவர் குறித்தது அப்பகுதியை. மேற்கோள் காட்டுவோர் பலர் இவ்வரையறையை நீக்கித் தமிழுக்கும் பொருத்திவிடுகின்றனர். ஆயினும் இவ்வரையறை அவருக்கு முழு விடுதலை அளிக்காது. சென்னையில் கால் வைத்து, உதகையில் பல வாரம் தங்கியவர் அவர். சென்னைக் கோட்டைக் கல்லூரி 1812 முதல் தென்மொழிகளைப் பயிற்றி வந்தது. எல்லிஸ் 1816இலேயே தென்னிந்திய மொழிகளின் தனி இனத்தன்மையை நிறுவியிருந்தார். நாடு முழுமைக்கும் உரிய கொள்கையை வகுத்தவரின் குறிப்பில் இவற்றின் சுவடே இல்லை.

இரண்டாவது, அவர் தாய்மொழிகளைச் சுட்ட ஆளும் சொல் ‘டயலெக்ட்’ என்பது. இதனை ‘நாட்டுமொழிகள்’ எனப் பெயர்த்தால் மூலத்தின் இளக்காரம் மறைகிறது. ‘கிளைமொழிகள்’ என்றால் இன்றைய மொழியியற் கலைச்சொல்லோடு மயங்குகிறது. ‘பேச்சுவழக்குகள்’ என்பது இரு குறையையும் ஓரளவு தவிர்க்கும்.

மூன்றாவது, குருதியாலும் நிறத்தாலும் இந்தியராய், சுவையாலும் கருத்தாலும் ஆங்கிலேயராய் ஒரு வகுப்பை உருவாக்குதல் என்னும் புகழ்பெற்ற வாக்கியம். அவ்வகுப்பினரை மெக்காலே ‘இன்டர்பிரட்டர்’ என்கிறார். ஆட்சியாளருக்கும் மக்களுக்கும் இடைநின்ற ‘துபாஷி’ என்பதே அக்காலச் சூழலுக்கு நெருங்கிய சொல். ‘மொழிபெயர்ப்பாளர்’ என்று எழுதினால் அதிகார உறவு தோன்றாது. இவ்வாக்கியத்தோடு மேற்கோள் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அதனை அடுத்து வருவது யாது? தாய்மொழிகளைத் திருத்துவதும், மேனாட்டு அறிவியற் சொற்களைக் கொண்டு வளப்படுத்துவதும், பொதுமக்களுக்கு அறிவைக் கொண்டுசெல்லும் ஊர்தியாக அவற்றைப் படிப்படியாக ஆக்குவதும் அவ்வகுப்பின் பொறுப்பு என்கிறார் மெக்காலே. நம் பணியைப் பற்றிய பகுதியை நாமே வெட்டிவிட்டோம்.

5. இல்லாத மேற்கோள்

வெட்டுவதோடு ஒட்டுவதும் நிகழ்ந்துள்ளது. இந்தியா முழுதும் சுற்றியும் ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ காணவில்லை, ஆகவே இந்நாட்டின் பண்பாட்டு முதுகெலும்பை முறிக்க வேண்டும் என்று மெக்காலே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியதாக ஒரு கூற்று பரவலாக வழங்குகிறது. அதற்கு இடப்படும் நாளும் 1835 பிப்ரவரி 2. அன்று அவர் கல்கத்தாவில் இருந்தார். அவர் உரைகளிலோ எழுத்துகளிலோ இக்கூற்று இல்லை. இந்தியாவைப் புகழும் அதன் தொனியும் குறிப்பின் தொனிக்கு நேர்மாறானது. நாள், இடம், நடை ஆகிய மூன்றாலும் பிழைபடும் பாடம் ஏட்டுச்சுவடியில் இருந்தால் இடைச்செருகல் எனத் தள்ளுவோம். இதற்கு மட்டும் விலக்களித்தல் முறையன்று.

மறுபுறம், மெக்காலேயைக் கொண்டாடுவோரும் உளர். ஆங்கிலம் சாதித்தளையை அறுக்கும் என்னும் நோக்கில் சந்திரபான் பிரசாத் 2006இல் மெக்காலேயின் பிறந்தநாளான அக்டோபர் 25ஐக் கொண்டாடினார். மரபுக்கல்வி எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை என்னும் உண்மை இதற்குப் பின்னுள்ளது. அதனை மறுத்துவிட்டு மெக்காலேயை மட்டும் பழித்தல் நேர்மையாகாது. எனினும் மெக்காலே எண்ணியது ஒரு சிறு வகுப்பினரின் கல்வியையே. மக்கள் அனைவர்க்கும் கல்வியளித்தல் தம் வசதிக்கு அப்பாற்பட்டது என்றே அவர் எழுதினார்.

6. துபாஷி புலவரானது

இக்கல்வியில் உருவானோர் மெக்காலேயின் கணக்கிற்கு அடங்கினரா? திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியின் தத்துவப் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897) லிட்டனின் ஆங்கிலக் கதைப்பாடலைத் தழுவி 1891இல் ‘மனோன்மணீயம்’ படைத்தார். அதன் தமிழ்த்தெய்வ வணக்கமே பின்னர்த் தமிழ்நாட்டின் வாழ்த்துப் பாடலாயிற்று. சம்பந்தரை மிகப் பிற்காலத்தவராகக் காட்டிய ஆங்கில ஆய்வாளரை அவர் ஆங்கிலத்திலேயே மறுத்தார். ஈழத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1860களில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மாணவரைக் கொண்டு நூல்கள் பெயர்ப்பித்தார். கலைச்சொல்லுக்கு முதலில் தமிழையும், அடுத்து வடமொழியையும், இறுதியில் ஆங்கில ஒலிபெயர்ப்பையும் நாடியது அவர் முறை. மேனாட்டுச் சொல்லைக் கடன்பெறுக என்ற மெக்காலேயின் வழிக்கு இது நேரெதிர் வரிசை. தமிழில் மதிப்புடைய நூலைப் பெயர்ப்பது அரிதன்று என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

7. முடிவுரை

மெக்காலேயின் அறியாமையையும் செருக்கையும் மறைக்க வேண்டுவதில்லை. ஆயின் அவர் குறிப்பை முழுதும் படித்தால் ஒரு சங்கடமான உண்மை எதிர்ப்படுகிறது. ஆங்கிலம் கற்ற வகுப்பு உருவாயிற்று. தாய்மொழியை அறிவியல் ஊர்தியாக்கும் கடமையோ சுந்தரம் பிள்ளை, கிறீன் போன்ற சிலரோடு பெரும்பாலும் நின்றது. மானிப்பாயில் 1860களில் நடந்தது நம் மருத்துவக் கல்லூரிகளில் வழக்காகவில்லை. இதற்கு 1859இல் இறந்த ஒருவரை மட்டும் பொறுப்பாக்குதல் எளிது. குறிப்பின் முழுப்பாடத்தையும் வரையறைகள் கெடாமல், சொற்றேர்வை விளக்கும் அடிக்குறிப்புகளோடு தமிழில் பதிப்பித்தல் முதற்பணி. அதன்பின் அக்குறிப்பு நம்மிடம் கேட்கும் வினாவிற்கு நாமே விடை கூறியாக வேண்டும்.